ஆச்சரியக்குறி செய்யும் வேலை

நாமக்கல் மண்டலத்துக்கான முட்டைக் கொள்முதல் விலையை அறிவிப்பது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. 1982-இல் தொடங்கிய அமைப்பு. ஐந்து காசு ஏறினாலும் இறங்கினாலும் அன்று கோழிப் பண்ணைக்காரர்களின் பேச்சு அதைப் பற்றித்தான். அந்த விலையை ஒரு பண்ணைக் கணக்கர் கணினியில் சாதாரண உரைக் கோப்பாகக் குறித்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு வரி: தேதி, ஓர் இடைவெளி, காசில் விலை. மாதம் முடிந்ததும் சராசரி விலை தெரிய வேண்டும். விலை அதிகமாக இருந்த நாட்கள் மேலே வரும்படி வரிசைப்படுத்தவும் வேண்டும்.

பெரும்பாலானவர்கள் இதற்குக் கோப்பை மூடிவிட்டு எக்செல்லைத் திறப்பார்கள். அங்கே ஒட்டி, பத்தி பிரித்து, சூத்திரம் கொடுத்து, விடையை எடுத்துக்கொண்டு பழைய கோப்புக்குத் திரும்பி வருவார்கள். வேலை முடிந்துவிடும். ஆனால் விம் போன்ற ஓர் எடிட்டரில் கோப்பு திறந்தபடியே இருக்கும்போதே இதைச் செய்யலாம். ஒரு முக்காற்புள்ளி, விழுக்காட்டுக் குறி, ஆச்சரியக்குறி, அதன்பின் 'சார்ட்' என்ற கட்டளை. எண்ட்டர் தட்டியதும் கண்ணெதிரே இருக்கும் வரிகள் அத்தனையும் புது வரிசையில் வந்து நிற்கும். எந்தப் பத்தியை வைத்து வரிசைப்படுத்துவது, ஏறுமுகமா இறங்குமுகமா என்பதையெல்லாம் கட்டளையோடு சேர்த்தே சொல்லிவிடலாம். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பை மட்டும் எழுதுகிறேன்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி, வரிசைப்படுத்தியது எடிட்டர் அல்ல என்பதுதான். 'சார்ட்' தனி நிரல். யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் எடிட்டருக்குச் சம்பந்தமே இல்லாமல் தன்பாட்டுக்கு இருப்பது. எடிட்டர் செய்தது, கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் ஷெல் என்ற நிரலைக் கூப்பிட்டு, 'இந்த வரிகளை அதனிடம் கொடு, அது திருப்பித் தருவதை இதே இடத்தில் வை' என்று சொன்னது மட்டுமே.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும். தொழிற்சாலையிலிருந்து வெறும் சேஸிஸாக வந்த வண்டி பட்டறையில் ஓரிடத்தில் நிற்கும். வெல்டர் வந்து தன் வேலையை முடிப்பார், பிறகு தச்சர், பெயிண்டர், எலக்ட்ரீசியன். வண்டி ஒவ்வொருவரையும் தேடி ஊர் சுற்றுவதில்லை. கோப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே சிலர் நினைத்தார்கள்.

அவர்களில் முதன்மையானவர் பெல் ஆய்வகத்தின் கென் தாம்சன். யுனிக்ஸின் முதல் எடிட்டரான 'எட்' அவர் எழுதியது. திரையே இல்லாத காலம் அது. டெலிடைப் இயந்திரத்தில் காகிதத்தில் அச்சாகும் ஒவ்வொரு வரியையும் பார்த்துத்தான் திருத்த வேண்டும். அந்த எட்டிலேயே, 1970களின் தொடக்கத்தில், வரியின் முதல் எழுத்தாக ஆச்சரியக்குறியைத் தட்டினால் மீதி வரி ஷெல்லுக்குப் போகும் வசதி இருந்தது. 1973-இல் யுனிக்ஸுக்குப் பைப் வந்தது. ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலின் உள்ளீடாக நேரடியாக இணைக்கும் வழி அது. டக் மெக்கல்ராய் 1964-லேயே எழுதிவைத்த எண்ணத்தைத் தாம்சன் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 1976-இல் எழுதத் தொடங்கிய 'விஐ' எடிட்டர், ஆச்சரியக்குறியை ஒரு படி மேலே கொண்டுபோனது. இந்தப் பத்தி மட்டும், இந்த வரியிலிருந்து அந்த வரி வரை மட்டும் என்று தேர்ந்தெடுத்த பகுதியை ஒரு நிரலின் வழியாக வடிகட்டி எடுக்கும் வசதி அதில் வந்தது. பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்ட விம், அதே குறியை அதே பொருளில் வைத்துக்கொண்டது. ஈமாக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கும் இது உண்டு: மெட்டா விசையோடு ஆச்சரியக்குறியைத் தட்டினால் ஒரு கட்டளையை ஓட்டலாம், மெட்டாவோடு நெட்டுக்கோட்டைத் தட்டினால் தேர்ந்தெடுத்த பகுதியை அதற்கு ஊட்டலாம்.

விம்மில் மூன்று வடிவங்களைப் பழகிக்கொண்டால் போதும். முதலாவது, மேலே பார்த்த வடிகட்டல். உரை உள்ளே போய், மாறி, அதே இடத்துக்குத் திரும்பும். இரண்டாவது, முக்காற்புள்ளி, 'ஆர்', இடைவெளி, ஆச்சரியக்குறி. இதில் கட்டளையின் வெளியீடு மட்டும் கோப்புக்குள் வந்து இறங்கும். இன்றைய தேதியைத் தட்டச்சு செய்வதற்குப் பதில் 'டேட்' என்ற கட்டளையையே உள்ளே கொட்டச் சொல்லலாம். மூன்றாவது, 'ஆர்' இருக்கும் இடத்தில் 'டபிள்யூ'. இதில் உரை கட்டளைக்குப் போகும். ஆனால் கோப்பு மாறாது, விடை திரையின் அடியில் தெரியும். முட்டை விலையின் சராசரிக்கு இதுதான் பொருத்தம். 'ஆக்' என்ற நிரலிடம் இரண்டாம் பத்தியைக் கூட்டி வரிகளின் எண்ணிக்கையால் வகுக்கச் சொன்னால் விடை கிடைத்துவிடும், விலைப் பட்டியல் அப்படியே இருக்கும். இந்த 'ஆக்' 1977-இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் எழுதியது. பத்தி பத்தியாக இருக்கும் எந்தப் பட்டியலுக்கும் இன்றுவரை இதைவிடக் கைக்கு அடக்கமான கருவியை நான் பார்க்கவில்லை. மூன்றாம் வடிவத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. டபிள்யூவுக்கும் ஆச்சரியக்குறிக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். விடாமல் ஒட்டித் தட்டினால், அடுத்து வரும் சொல்லின் பெயரில் ஒரு கோப்பைக் கட்டாயமாக எழுது என்று பொருள் மாறிவிடும்.

எண்ட்டர் தட்டியதும் உள்ளே என்ன நடக்கிறது? எடிட்டர் 'ஃபோர்க்' என்ற அழைப்பின் மூலம் தன்னைப் போலவே இன்னொரு செயல்முறையை உருவாக்கும்படி இயங்குதளத்தின் மையமான கெர்னலைக் கேட்கிறது. புதிதாகப் பிறந்த அந்தச் சேய்ச் செயல்முறை, 'எக்ஸெக்' என்ற அழைப்பால் தன் உருவை விட்டு ஷெல்லாக மாறுகிறது. ஷெல் கட்டளையைப் படித்து, சார்ட்டையோ ஆக்கையோ கிளப்புகிறது. அதன் உள்ளீட்டு வாயும் வெளியீட்டு வாயும் விசைப்பலகைக்கும் திரைக்கும் பதிலாக எடிட்டர் அமைத்த பைப்புக்கோ தற்காலிகக் கோப்புக்கோ திருப்பப்பட்டிருக்கும். தான் எங்கிருந்து அழைக்கப்பட்டோம் என்று சார்ட்டுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. முடிந்ததும் ஓர் எண்ணைத் திருப்பித் தந்துவிட்டு மறைகிறது. பூஜ்யம் என்றால் வேலை ஒழுங்காக முடிந்தது. ஷெல் 127 என்று சொன்னால் அப்படி ஒரு கட்டளையே கிடைக்கவில்லை. வடிகட்டும்போது கட்டளைப் பெயரைத் தவறாகத் தட்டிவிட்டால் உங்கள் வரிகள் மறைந்து அந்த இடத்தில் பிழைச் செய்தி நிற்கக்கூடும். பதற வேண்டாம், 'யூ' என்ற ஒரு விசையில் பழைய வரிகள் திரும்பிவிடும்.

புதிதாகப் பழகுகிறவர்களைக் குழப்பும் ஒன்றுக்கும் இங்கேதான் விளக்கம் இருக்கிறது. எடிட்டருக்குள்ளிருந்து ஆச்சரியக்குறி போட்டு 'சிடி' கட்டளையால் வேறு கோப்புறைக்குப் போனால், அடுத்த கட்டளை மறுபடியும் பழைய கோப்புறையிலேயே நடக்கும். கோப்புறை மாறியது சேய்க்கு. அது மறைந்ததும் மாற்றமும் அதோடு போய்விட்டது. தாய்ச் செயல்முறையின் நிலையைச் சேய் தொட முடியாது. இது குறையாகத் தோன்றலாம். ஆனால் அழைக்கப்பட்ட நிரல் எவ்வளவு மோசமாக உடைந்து விழுந்தாலும் எடிட்டரும் சேமிக்காத உங்கள் உரையும் பிழைத்திருப்பது இந்தப் பிரிவினால்தான்.

நான் இந்த வசதியை இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் தமிழ். உலகின் பெரிய எடிட்டர்களை எழுதியவர்கள் யாரும் தமிழை மனதில் வைத்து எழுதவில்லை. அவர்கள் தமிழைக் கற்றுக்கொண்டு வசதி சேர்த்துத் தரும்வரை நாம் காத்திருக்கத்தான் வேண்டுமா?

எழுத்தை எண்ணுவதையே எடுத்துக்கொள்வோம். 'நாமக்கல்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நா, ம, க், க, ல் என்று ஐந்து. முதல் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். 'டபிள்யூசி' என்ற எண்ணும் கட்டளைக்கு அந்தச் சொல்லை அனுப்பிப் பாருங்கள். பைட் கணக்கில் 24 என்னும், குறியெண் கணக்கில் 8 என்னும் (வரி முடிவுக் குறியைக் கழித்துவிட்டுச் சொல்கிறேன்). யூனிகோடில் துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறியெண்கள். அதனால் நாவுக்கு இரண்டு, க்குக்கு இரண்டு, ல்லுக்கு இரண்டு என்று எட்டாகிறது. ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். ஆகவே 24. அந்த யுடிஎஃப்-8-ஐ 1992-இல் ராப் பைக்குடன் சேர்ந்து வடிவமைத்தவரும் 'எட்' எடிட்டரை எழுதிய அதே கென் தாம்சன்தான்.

எடிட்டரும் 'டபிள்யூசி'யும் சொல்லாத ஐந்து என்ற விடையைச் சொல்லத் தமிழ் தெரிந்த நிரல் வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது. முத்து அண்ணாமலையும் அவருடன் சேர்ந்தவர்களும் கட்டற்ற மென்பொருளாக எழுதிவரும் ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நூலகம். தமிழில் நிரல் எழுதும் 'எழில்' மொழியை உருவாக்கியவரும் அவரே. இந்த நூலகம் ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகச் சரியாகப் பிரித்துத் தரும். அதைப் பயன்படுத்திச் சில வரிகளில் ஒரு பைத்தான் நிரல் எழுதலாம்: உள்ளீட்டு வாயில் வருவதைப் படி, எழுத்தாகப் பிரி, எண்ணு, வெளியீட்டு வாயில் எழுது. எழுதிவிட்டால், ஆச்சரியக்குறி தெரிந்த எந்த எடிட்டரும் அந்த நொடி முதல் தமிழ் எழுத்தை எண்ணத் தெரிந்த எடிட்டர். விம்மை எழுதியவர்களிடம் யாரும் விண்ணப்பம் போட வேண்டியதில்லை.

அகரவரிசையில் சிக்கல் இன்னும் ஆழம். லாரி புக்கிங் அலுவலகம் ஒன்றின் ஊர்ப் பட்டியலில் பவானியும் பள்ளிபாளையமும் இருக்கின்றன. நம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள என்று வருவதால் பவானி முன்னும் பள்ளிபாளையம் பின்னும் வர வேண்டும். விம்முக்குள்ளேயே இருக்கும் சார்ட் கட்டளையைச் சாதாரணமாகக் கொடுத்தாலும், பைத்தானின் சார்ட்டெட்டைக் கொடுத்தாலும் பள்ளிபாளையம் முன்னே வந்துவிடும். அவை குறியெண்ணைப் பார்த்து வரிசைப்படுத்துகின்றன. யூனிகோடின் தமிழ்ப் பகுதியோ இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக அமைந்த இஸ்கி தரத்தின் அச்சில் வந்தது. அதில் நவுக்கு அடுத்து ன, ரவுக்கு அடுத்து ற, பிறகு ல, ள, ழ, வ. புள்ளியின் குறியெண்ணும் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது. ஆகவே அகராதியில் அத்தனூர் முதலில், அதியமான்கோட்டை அடுத்து என்று இருக்க வேண்டியது இங்கே தலைகீழாகும். மெய் முன்னே, உயிர்மெய் பின்னே என்ற நம் விதி எண்களுக்குத் தெரியாது.

வெளியே இருக்கும் சார்ட் நிரலை லோக்கேல் என்ற மொழி அமைப்போடு ஓட்டினால் வகரமும் ளகரமும் தம் இடத்துக்கு வந்துவிடும். புள்ளி விதியையும் விடாமல் வேண்டுகிறவர்கள், சொல்லை எழுத்தாகப் பிரித்துவிட்டு நெடுங்கணக்கின் வரிசையைத் தாங்களே நிரலில் எழுதிக்கொள்ளலாம். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஆய்தமும் தெரிந்த எவருக்கும் அது எட்டாத வேலை அல்ல. நூலகப் பட்டியல், மாணவர் பதிவேடு என்று எத்தனையோ இடங்களில் தமிழ்ப் பெயர்கள் தப்பான வரிசையில் அச்சாகி வருகின்றன. தீர்வு அந்த ஒரு சிறிய வடிகட்டி.

இன்னொரு பயன், பழைய கோப்புகள். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்குப் பல குறியீட்டு முறைகள் இருந்தன. அவற்றுள் டிஸ்கி உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் கூடிப் பேசி 1990களின் கடைசியில் உருவாக்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ஆரம்ப கால மின்னூல்கள் பல அந்தக் குறியீட்டில்தான் வந்தன. அப்படி ஒரு கோப்பை இன்று எடிட்டரில் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் விநோதக் குறிகளுமாக ஏதோ தெரியும். பழுதான கோப்பு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லினக்ஸில் 'ஐகான்வ்' என்ற குறியீடு மாற்றும் நிரலுக்கு டிஸ்கி தெரியும். குனு சி நூலகத்திலேயே அதற்கான மாற்றி இருக்கிறது. விம்மில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, நான் சொன்ன இரண்டாம் வடிவத்தில், டிஸ்கியிலிருந்து யுடிஎஃப்-8-க்கு மாற்றச் சொல்லி ஐகான்வையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால், பக்கம் முழுக்கப் படிக்கத்தக்க தமிழ் வந்து நிறையும்.

இனி நம் பள்ளிகளுக்கு வருகிறேன். பிளஸ் டூ படிப்புக்குப் பெயர்போன ராசிபுரமும் திருச்செங்கோடும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. 2019-இல் வெளியான தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலின் பதினான்காம் பாடம், பைத்தானிலிருந்து சி பிளஸ் பிளஸ் நிரலை இயக்குவது பற்றியது. பல மாணவர்கள் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டுத் தாண்டிப் போகும் பாடம். ஆனால் நூலிலேயே மிகப் பெரிய கருத்து அதில்தான் இருக்கிறது என்பேன். ஓஎஸ் தொகுதியின் சிஸ்டம் என்ற செயற்கூறு மூலம் ஜி பிளஸ் பிளஸ் தொகுப்பானைக் கூப்பிட்டு, கோப்பைத் தொகுத்து, பிறகு அதை ஓட்டுகிறது அந்தப் பாடத்தின் நிரல். அந்தச் செயற்கூறு செய்வதும் விம்மின் ஆச்சரியக்குறி செய்வதும் அடிப்படையில் ஒன்றே: ஷெல்லைக் கிளப்பி, ஒரு வரியைக் கொடுத்து, அது முடியும்வரை காத்திருப்பது. ஒரு நிரல் இன்னொரு நிரலை அழைக்கலாம், அந்த இரண்டும் ஒரே மொழியில் எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை என்பதைப் பதினேழு வயதில் கற்றுக்கொடுப்பது நல்ல பாடத்திட்டம்.

அந்தப் பாடத்தில் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டளையோடு கோப்பின் பெயரைக் கூட்டல் குறியால் ஒட்டி ஷெல்லுக்கு அனுப்புகிறது அந்த நிரல். ஷெல்லுக்குச் சில குறிகள் தனிப் பொருள் உடையவை. விண்டோஸில் உம்மைக் குறியும் லினக்ஸில் அரைப்புள்ளியும் ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காட்டும். கோப்பின் பெயருக்குள் யாராவது அந்தக் குறியையும் அதன்பின் இன்னொரு கட்டளையையும் வைத்துவிட்டால், ஷெல் அதையும் சேர்த்தே நிறைவேற்றும். ஆய்வகத்தில் நம் கோப்பை நாமே ஓட்டும்போது ஆபத்தில்லை. அதே பழக்கத்தோடு நாளைக்கு ஒரு வலைத்தளம் கட்டினால், முகம் தெரியாத ஒருவர் தட்டும் பெயர் சர்வரில் கட்டளையாக ஓடும். பைத்தானின் சப்ப்ராசஸ் தொகுதியில் கட்டளையையும் பெயரையும் தனித்தனி உறுப்புகளாகப் பட்டியலில் கொடுத்தால், ஷெல் நடுவில் வராது, பெயர் பெயராகவே போய்ச் சேரும். இதை மாணவர்களுக்குச் சொல்ல ஒரு பத்தி போதும்.

எடிட்டர்களும் இந்த ஆபத்துக்கு விலக்கல்ல. உரைக் கோப்பின் முதல் ஐந்து அல்லது கடைசி ஐந்து வரிகளில் எழுதப்பட்ட அமைப்புக் குறிப்புகளை விம் தானாகவே படிக்கும் வசதிக்கு மோட்லைன் என்று பெயர். அதிலிருந்த ஓர் ஓட்டை 2019 ஜூனில் வெளியே தெரிந்தது. தீய நோக்கோடு தயாரித்த உரைக் கோப்பை வெறுமனே திறந்தாலே, அதை எழுதியவர் விரும்பிய கட்டளை நம் கணினியில் ஓடிவிடும். விம்மும் அதன் வழிவந்த நியோவிம்மும் திருத்தம் வெளியிட்டன. அதுபோலவே, நிர்வாகிகள் ஒருவருக்கு 'இந்தக் கோப்பை மட்டும் திருத்திக்கொள்' என்று நிர்வாகி உரிமை தரும் சூடோ வழியாக விம்மைத் திறந்துவிட்டால், அவர் உள்ளேயிருந்து ஆச்சரியக்குறியால் ஒரு ஷெல்லையே திறந்து கணினி முழுவதையும் கையில் எடுக்கலாம். சேய்ச் செயல்முறை தாயின் உரிமையோடுதான் பிறக்கிறது. இதற்காகவே சூடோஎடிட் என்ற மாற்று இருக்கிறது. அது கோப்பின் படியை மட்டும் உங்கள் சொந்த உரிமையில் திறந்து, முடிந்தபின் மூலக் கோப்பின் இடத்தில் எழுதி வைக்கும்.

லினக்ஸ் கட்டளைகளைத் தமிழிலேயே படிக்க விரும்புகிறவர்களுக்கு நூல்கள் இருக்கின்றன. 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழில் து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஒரு கட்டளையைக் கற்றதும், டெர்மினலில் ஒரு முறை, எடிட்டருக்குள் ஆச்சரியக்குறியோடு ஒரு முறை என இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

சேலம், நாமக்கல் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுக்குத் திட்டப்பணி கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழுக்காக எதை எழுதினாலும், அது எழுத்தெண்ணியோ, அகரவரிசையோ, சந்திப்பிழை காட்டும் நிரலோ, முதலில் அதைப் பொத்தான்கள் வைத்த செயலியாகக் கட்டாதீர்கள். உள்ளீட்டு வாயில் படித்து வெளியீட்டு வாயில் எழுதும் சிறு கட்டளையாக எழுதி, கட்டற்ற உரிமத்தில் வெளியிடுங்கள். விம், ஈமாக்ஸ் என்று எதை வைத்திருப்பவரும் அன்றைக்கே அதைத் தம் பக்கத்துக்குள்ளிருந்து அழைத்துக்கொள்ள முடியும்.